மயக்க மருந்து மூளையோடு நின்றுவிடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஓர் அடியந்திரத்துக்கு, அதாவது சாவுச் சடங்கு விருந்துக்கு, போயிருந்தேன். பந்தலில் சோறு விளம்பிக் கொண்டிருக்கும்போதே இறந்தவருடைய மருமகன் ஆரம்பித்துவிட்டார். "பதினோரு நாளு மயக்கத்துலயே போட்டு வச்சிருந்தாவ, அந்த மருந்துதான் ஆளத் தின்னுட்டு, பொறவுதான் நெஞ்சுல சளி கட்டுச்சு" என்றார். பக்கத்து இலையில் இருந்த பெரியவர் விடவில்லை. "அது வெறும் தூக்க மருந்துல்லா, அதுக்கும் சளிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் நான் நர்ஸ். இருபத்திரண்டு வருஷம் ஐசியுவில் நின்றவள், அதில் பதினான்கு வருஷம் வளைகுடாவில். சாவு வீட்டில் வைத்து வகுப்பு எடுக்க முடியாது என்று பருப்பைப் பிசைந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், இடமில்லை என்றால் வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதிப் பாதி சரி. மருந்து ஆளைத் தின்னவில்லை. ஆனால் பெரியவர் நினைப்பதுபோல அது மூளையை மட்டும் உறங்க வைத்துவிட்டுச் சும்மா இருப்பதும் இல்லை. கையில் ஊசி வழியாக ஏறும் மருந்து ரத்தத்தில்தானே போகிறது, போகிற வழியெல்லாம் வெள்ளை அணுக்கள்தானே நிற்கின்றன. அவற்றோடும் அது பேசத்தான் செய்யும்.

எங்கள் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு அழற்சி என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடும்போது கத்தி விரலில் பட்டால், மறுநாளைக்குள் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, விண்விண்ணென்று தெறிக்கும். கெட்டது நடக்கிறது என்று நாம் நினைப்போம். உண்மையில் அங்கே படை வந்து இறங்கியிருக்கிறது. வெள்ளை அணுக்கள் ரத்தக் குழாயின் சுவரைத் தாண்டி வெளியே வந்து கிருமியைப் பிடித்து விழுங்குகின்றன. அவற்றைக் கூப்பிட்டு அனுப்புகிற சேதிக்காரர்கள்தான் சைட்டோகைன்கள், கொரோனா காலத்தில் 'சைட்டோகைன் புயல்' என்று எல்லோர் வாயிலும் புரண்ட அதே சைட்டோகைன். விரலில் இது நடந்தால் புண் ஆறும். இதே கலவரம் உடம்பு முழுக்க நடந்தால் ரத்த அழுத்தம் சரியும், சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாக உட்காரும். செப்சிஸ் என்று டாக்டர் சொல்வது இதைத்தான். அப்புறம் இன்னொரு கட்டம் உண்டு, அதை வீட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்குவதில்லை. புயல் அடித்து ஓய்ந்ததும் எதிர்ப்பு சக்தி அப்படியே அசந்து படுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் சாதாரணக் கிருமிகூட ஏறி மிதித்துவிட்டுப் போகும்.

ஆக, அழற்சியை அடக்குவது நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. பேச்சிப்பாறை அணை ஷட்டர் மாதிரிதான், எப்போது திறக்கிறோம் எப்போது மூடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது மருந்துக்கு வருகிறேன். தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இருப்பவருக்குப் பொதுவாகக் கொடுப்பது மிடசோலம், ப்ரோபோஃபால், டெக்ஸ்மெடிட்டோமிடின், கூடவே வலிக்கு ஃபென்டனில் அல்லது மார்ஃபின். முதல் இரண்டும் மூளையில் காபா என்ற பிரேக்கை அழுத்துகிற மருந்துகள். இந்த பிரேக் மூளையில் மட்டும் இருப்பதாகத்தான் நான் படித்த காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியில்லை, மேக்ரோஃபேஜ், டி அணு போன்ற எதிர்ப்பு அணுக்களின் மேலும் காபா ஏற்பிகள், அதாவது காபா வந்து ஒட்டும் இடங்கள், இருக்கின்றன. பரிசோதனைக் கூடத்தில் மிடசோலத்தைச் சேர்த்தால் இந்த அணுக்கள் விடுகிற சேதிகள், இன்டர்லூகின் 6 போன்றவை, குறைகின்றன. ப்ரோபோஃபாலைச் சேர்த்தால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு கிருமி இருக்கும் இடத்துக்கு ஓடுவதும் சுணங்குகிறது, விழுங்குவதும் சுணங்குகிறது. ஃபென்டனில், மார்ஃபின் போன்ற ஓபியம் வகை மருந்தின் கதை இன்னும் பழசு. 1898லேயே ருமேனிய மருத்துவர் கான்டகுசீனோ, கினிப் பன்றிக்கு ஓபியம் கொடுத்தால் காலராக் கிருமியை விழுங்க வேண்டிய அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன என்று எழுதியிருக்கிறார்.

டெக்ஸ்மெடிட்டோமிடின் வேறு ரகம். அது காபா பக்கமே போவதில்லை. பயத்தில் நெஞ்சு படபடக்க வைக்கிற நரம்பு மண்டலம் இருக்கிறதே, அதைத் தணித்து அந்த வழியாக உறங்க வைக்கும், தட்டி எழுப்பினால் ஆள் கண்ணைத் திறந்து பார்ப்பார். பாக்டீரியா நஞ்சு ஏற்றிய எலிகளில் இது அழற்சிச் சேதிகளைக் குறைத்தது, சாவும் குறைந்தது. (இதை 'டெக்ஸா' ஊசியோடு, அதாவது கொரோனாவில் போட்ட டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டோடு, குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. பெயர் ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக வந்த பிள்ளைகளை நான் அதிகம் திட்டியது இந்த இரண்டு பெயருக்காகத்தான்.)

எலியில் நன்றாக இருந்தது என்பதற்காக மனுஷனிலும் அப்படியே நடந்துவிடுமா? 2007இல் ஓர் ஆய்வில் மிடசோலம் ரகத்தைச் சேர்ந்த லோரசெபாமோடு ஒப்பிட்டபோது டெக்ஸ்மெடிட்டோமிடின் கொடுத்தவர்கள் ஆழ்ந்த மயக்கத்திலும் சன்னியிலும் கிடந்த நாட்கள் குறைவாக இருந்தன, அதிலும் செப்சிஸ் வந்தவர்களில் பலன் அதிகம் என்று தெரிந்தது. எல்லோரும் துள்ளினார்கள். பிறகு 2019இல் ஏறக்குறைய 4000 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது, அதில் 90 நாள் சாவு விகிதம் இதைக் கொடுத்தவர்களிலும் வழக்கமான மயக்க மருந்து கொடுத்தவர்களிலும் 29 சதவீதத்தை ஒட்டி ஒன்றாகத்தான் இருந்தது. 2021இல் செப்சிஸ் நோயாளிகளிலேயே அதை ப்ரோபோஃபாலோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் வித்தியாசம் இல்லை. எனவே யாராவது "இந்த மருந்து போட்டால் எதிர்ப்பு சக்தி காப்பாற்றப்படும், விலை கூடுதல்தான்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். பரிசோதனைக் கூடத்து டிஷ்ஷில் நடப்பது ஒன்று, கட்டிலில் நடப்பது இன்னொன்று. கட்டிலில் இருப்பவருக்கு ஏற்கெனவே அடிபட்டிருக்கும், அறுவை நடந்திருக்கும், வலியும் பயமும் இருக்கும். இவையெல்லாமும் எதிர்ப்பு சக்தியைக் குலைப்பவைதான். மருந்தே கொடுக்காமல் ஒருவரைத் தொண்டைக் குழாயோடு திணற விட்டால் அது மருந்தைவிடப் பெரிய கெடுதல். மருமகனுக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

ப்ரோபோஃபால் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போக மனசில்லை. பார்க்க வருகிறவர்கள் கேட்பது: "சிஸ்டர், நரம்புல பாலா ஏத்துதிய?" அப்படியே பால் நிறம்தான். ரப்பர்த் தோட்டத்திலேயே வளர்ந்த என் வீட்டுக்காரர் படத்தில் பார்த்துவிட்டு, ரப்பர்ப் பால் மாதிரி ஆசிட் ஊற்றி உறைய வைத்து ஷீட் அடிக்கலாம் போலிருக்கே என்றார். அந்த வெள்ளை, சோயா எண்ணெயும் முட்டைக்கருவின் லெசித்தினும் கலந்ததால் வருவது. ஒரு மில்லிக்கு 1.1 கலோரி, ஊட்டச்சத்து நிபுணர் அன்றைய உணவுக் கணக்கில் அதையும் சேர்ப்பார். பால் மாதிரி என்று சொன்னேன் இல்லையா, பால் மாதிரியே கெட்டும் போகும். கிருமிக்கு அது நல்ல சாப்பாடு. 1990 முதல் 1993 வரை அமெரிக்காவில் ஏழு மருத்துவமனைகளில் அறுவை முடிந்தவர்களுக்கு வரிசையாகத் தொற்று வந்து, தேடித் தேடிப் பார்த்ததில் ப்ரோபோஃபாலைக் கையாண்ட விதத்தில் போய் நின்றது. திறந்த குப்பியை வைத்து வைத்து எடுத்தது, ஒரே சிரிஞ்சைப் பலருக்கு ஓட்டியது, இப்படி. அதனால்தான் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தக் குழாயை மாற்றி, மிச்சத்தைக் கொட்ட வேண்டும் என்கிறார்கள். ராத்திரி ஷிஃப்டில் இரண்டு மணிக்கு, பத்து மில்லி மீதி இருக்கிற சிரிஞ்சைக் கழற்றிக் கீழே போடும்போது கை வராது, விலை தெரியும் அல்லவா. போடத்தான் வேண்டும். மருந்து வெள்ளை அணுவை எவ்வளவு மந்தமாக்குகிறது என்று ஆராய்ச்சி செய்வது ஒரு பக்கம், மருந்தோடு கிருமியையும் நாமே ஊட்டாமல் இருப்பது மறுபக்கம். இரண்டாவதுதான் எங்கள் கையில் இருப்பது.

பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்டார்கள். 1983இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த லெடிங்ஹாம், வாட் என்ற இரண்டு மருத்துவர்கள் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியருக்கு எழுதியதும் ஒரு கடிதம்தான். பலத்த காயத்தோடு வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தை நாள் கணக்கில் ஓட்டிய பிறகு, 28 சதவீதமாக இருந்த சாவு 77 சதவீதமாகிவிட்டது என்று எழுதினார்கள். அதற்கு முன்பு அது ரத்த அழுத்தத்தைக் கெடுக்காத தங்கமான மருந்து என்றுதான் பெயர். அடுத்த வருஷத்துக்குள் காரணமும் தெரிந்தது. சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசோல் செய்வதை அந்த மருந்து தடுக்கிறது. அழற்சி கைமீறாமல் பார்த்துக்கொள்கிற ஹார்மோனே அதுதான். அதிலிருந்து அதை நாள் கணக்கில் ஓட்டுவது நின்றுபோயிற்று. குழாய் போடும்போது ஒரே ஒரு ஊசியாகக் கொடுப்பது மட்டும் இன்னும் உண்டு. அது வேறு கணக்கு.

சரி, ஐசியு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறவர் இதையெல்லாம் வைத்து என்ன செய்வது? ஒரு கேள்வி கேட்கலாம். காலையில் டாக்டர் வெளியே வந்து பேசும்போது, "இன்னைக்கு மயக்க மருந்தைக் குறைச்சுப் பார்க்க முடியுமா, முடியாதுன்னா என்ன காரணம்?" என்று கேளுங்கள். சண்டைக்கு நிற்கிற குரலில் இல்லை, சாதாரணமாக. 2000இல் சிகாகோவில் 128 பேரை வைத்துச் செய்த ஆய்வு இருக்கிறது. தினமும் ஒருமுறை மருந்தை நிறுத்தி ஆள் விழிக்கிறாரா என்று பார்த்தவர்களுக்கு வென்டிலேட்டர் நாட்கள் 7.3இலிருந்து 4.9 ஆகக் குறைந்தன. குழாய் ஒரு நாள் முன்னால் வெளியே வந்தால் நிமோனியாவுக்கு ஒரு நாள் குறைவு, இருமல் ஒரு நாள் முன்னால் திரும்பும், சன்னியும் குறையும். வெள்ளை அணுவின் ஏற்பியைவிட இந்தக் கணக்கு எனக்குப் பெரிதாகப் படுகிறது. முடியாத நோயாளிகளும் உண்டு. தலையில் அடிபட்டு மூளை வீங்கியவர், வலிப்பு நிற்காதவர், நுரையீரல் மிக மோசமாகிக் குப்புறப் போட்டிருப்பவர், இவர்களை ஆழமாகத்தான் வைக்க வேண்டும். டாக்டர் அதைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். சொல்லாமல் போகிற டாக்டரிடம் மறுநாளும் கேளுங்கள்.

மயக்கத்தைக் குறைக்கும்போது ஆள் கையை உதறுவார், கண்ணில் தண்ணீர் வரும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற மகள் அலறி, "எங்கப்பாவைச் சித்திரவதை பண்ணுதாவ, தூங்க வையுங்க" என்பாள். நானே அந்த அலறலுக்குப் பயந்து மருந்து பம்பை இரண்டு புள்ளி கூட்டியிருக்கிறேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த உண்மையான காரணம். ஐசியுவுக்கு வராமலே, வீட்டிலேயே வருஷக் கணக்கில் இதே ரக மருந்து சாப்பிடுகிறவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? பிள்ளைகள் துபாயில், பெங்களூரில், திருவனந்தபுரத்தில். கிழவர், அல்லது கிழவி, பெரிய காங்கிரீட் வீட்டில் தனியாக. ராத்திரி தூக்கம் வராது. ஒரு சின்ன மாத்திரை.

என் அம்மை அப்படித்தான். அப்பா இறந்தபோது ஒரு டாக்டர் பத்து நாளைக்கு என்று மிடசோலம் ரகத்தைச் சேர்ந்த அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார், அதில் தப்பில்லை. அந்தப் பத்து நாள் ஆறு வருஷமாயிற்று. மாத்திரை தீர்ந்ததும் காலி அட்டையை முறுக்கான் பெட்டியில் வெற்றிலைக்கு அடியில் வைத்திருப்பாள், ரப்பர் வேலைக்கு வரும் பையனிடம் கொடுத்தால் போதும், ஜங்ஷனில் இருக்கும் கடையில் சீட்டே கேட்காமல் அதைப் பார்த்துப் புதுசு கொடுத்துவிடுவார்கள். நான் போனில் "என்ன மருந்து சாப்பிடுதிய?" என்று கேட்கும்போதெல்லாம் பிரஷர் மாத்திரையைச் சொல்வாள், சுகர் மாத்திரையைச் சொல்வாள், இதைச் சொல்ல மாட்டாள். அவளுக்கு இது மருந்தே இல்லை, தூக்கத்துக்கு.

ஊருக்குத் திரும்பி வந்த வருஷம் ஆனி மழையில் அம்மைக்கு நிமோனியா. காய்ச்சல் இல்லை. வயசானவர்களுக்குப் பல நேரம் காய்ச்சல் வராது. இரண்டு நாளாகப் பேச்சு குழறியது, செத்துப்போன அப்பாவுக்குச் சாயா போடச் சொன்னாள், அவ்வளவுதான் அறிகுறி. படுக்கையை உதறும்போது முறுக்கான் பெட்டி விழுந்து, அட்டைகள் சிதறின. பதினேழு எண்ணினேன். ஊரார் அம்மைகளுக்கெல்லாம் மயக்க மருந்தின் அளவை மணிக்கு மணி எழுதி வைத்தவள், என் அம்மையுடைய அளவு என்னவென்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மாத்திரையால்தான் நிமோனியா வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2013இல் 'தோராக்ஸ்' இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வு, இந்த ரக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நிமோனியா வருவதும் அதில் இறப்பதும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. தூக்கம் வராதவர் ஏற்கெனவே நோயாளியாக இருப்பார், அதனால்தான் கணக்கு அப்படி வருகிறது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள், அந்த மறுப்பிலும் நியாயம் உண்டு. அதே காலத்தில் டயசெபாம் கொடுத்த எலிகள் நிமோனியாக் கிருமிக்கு எளிதில் பலியானதும் பதிவாகியிருக்கிறது. எலியை விட்டுவிடுங்கள். மாத்திரை போட்டு அயர்ந்து தூங்கும் கிழவிக்கு எச்சில் புரை ஏறினால் இருமி எழுந்திருக்கத் தெம்பு குறைவு என்பதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. அது போதாதா?

சட்டம் இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் எல்லாம் எச்1 பட்டியலில். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யாருக்கு, எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையின் பின்பக்கம் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கையும் அச்சிட்டிருப்பார்கள், இங்கிலீஷில், எறும்பு எழுத்தில். அம்மை கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவில். நான் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டபோது, "பாட்டி பாவம், தூக்கம் வரலைன்னு ஆள் அனுப்புவாவ" என்றார் கடைக்காரர். கெட்ட மனுஷர் இல்லை. நோட்டைக் காட்டச் சொன்னேன், பேச்சை மாற்றிவிட்டார்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்கு ராத்திரியே மாத்திரையைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிடாதீர்கள். வருஷக் கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம் வரும், வலிப்பே வரலாம். அம்மைக்கு டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த நான்கு மாசம் ஆயிற்று. கள்ளும் பிராந்தியும் தினமும் குடிப்பவருக்கும் இதே கதைதான், அதுவும் காபாவைத் தொடுகிற சரக்கு, எதிர்ப்பு சக்தியையும் நுரையீரலையும் கெடுப்பதில் மாத்திரையைவிட ஒரு படி மேல். இவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது வீட்டு மானம் போய்விடும் என்று மறைக்கிறார்கள். மூன்றாம் நாள் ஆள் கட்டிலைப் பிய்த்துக்கொண்டு எழும்பும்போது எங்களுக்குத் தெரிந்துவிடும், ஆனால் அதற்குள் கூடுதல் மயக்க மருந்து ஓட வேண்டி வந்திருக்கும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்து ஊர் கிளினிக்கோ, எங்கே போனாலும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டிவிடுங்கள். குடியையும் சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த எச்1 பட்டியலில் இருக்கும் தூக்க மாத்திரைகளின் பெயர்களையாவது தமிழில், பெரிய எழுத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சிடுங்கள். வயசானவர்கள் வெட்டி வைத்துக்கொள்வார்கள். அம்மை ராசிபலனைக்கூட வெட்டி வைக்கிறவள்.

இப்போது அவளுக்குத் தூக்கம் மூன்று மணியோடு சரி. எழுந்து உட்கார்ந்து என்னையும் எழுப்பிவிடுவாள். இந்தக் கடிதத்தில் பாதியை அந்த நேரத்தில்தான் எழுதினேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி,
தக்கலை அருகில், கன்னியாகுமரி மாவட்டம்